முழங்கால் கேட்கும் கேள்வி: ரிச்சர்ட்ஸ் டவுன் வழியே ஒரு பயணம்

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயில் காட்பாடியைத் தாண்டியதும் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று நிலையங்கள் வரிசையாக வருகின்றன. ஆம்பூரையும் வாணியம்பாடியையும் பிரியாணிக்காக நினைவில் வைத்திருப்போர் பலர். அந்த ஊர்களின் அடுப்பை எரியவைத்ததோ தோல் தொழில். தலைமுறை தலைமுறையாக இங்கே ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, முடி நீங்கி, சதை சீவப்பட்டு, பதமாகி வெளியூர் போயிருக்கின்றன. பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கான பயணத்தைத் தோல் ஊரிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. மனித உடலில் பழுதான பகுதிக்கு மாற்றுச் செய்யும் திசுப் பொறியியலை ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மட்டும் தேடினால் பாதிதான் தெரியும். மற்றப் பாதி தோல் தொட்டியிலும் மண் சூளையிலும் தெருவோர நடைபாதையிலும் கிடக்கிறது. உடலுக்குள் வைக்கப்போகும் எந்தப் பொருளைப் பார்த்தும் முதலில் கேட்க வேண்டியது, அது எந்த விசையை எத்தனை ஆண்டு தாங்கப் போகிறது என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் தேடிய இடங்களில் நோயாளிகள் பிழைத்தார்கள். தேடாத இடங்களில் நோயாளிகளே சோதனைப் பொருளானார்கள். இதுவே இந்தக் கட்டுரையின் வாதம்.

தோலின் உறுதிக்குக் காரணம் கொலாஜன் என்ற புரதம். தோலில் மட்டுமல்ல, எலும்பிலும் தசைநாணிலும் குருத்தெலும்பிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் அதுவே சாரம். நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். அதன் உள்ளமைப்பு தெளிவானதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்து, மூன்று புரிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொண்ட வடிவம் அது என்று 1954-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அடையாற்றில் 1948-இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அவர்களுக்குக் கூப்பிடு தூரம். தோலைப் பதப்படுத்தும் தொழிலுக்காக எழுந்த நிறுவனமும் புரதத்தின் வடிவத்தைத் தேடிய இயற்பியலாளர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது இந்த அறிவுக்கு உரமாயிற்று. அந்த நிறுவனத்தின் அரங்குக்கு இன்றும் 'டிரிப்பிள் ஹீலிக்ஸ்' என்றே பெயர். ராமச்சந்திரன் பின்னர் பெங்களூருக்கு வந்து, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். ஆக, சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயில் போகும் திசையிலேயே கொலாஜன் பற்றிய ஆய்வும் ஒருமுறை பயணம் செய்திருக்கிறது.

முப்புரி முறுக்கு வெறும் வடிவ அழகுக்காக அமைந்ததன்று. கயிறு திரிப்பவர் புரி மேல் புரி ஏற்றுவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இதற்கும்: இழுத்தால் அறாமல் இருக்க வேண்டும். பச்சைத் தோலை நீரில் வைத்துச் சூடேற்றினால் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே சுருங்கிவிடும். குரோமியத்தால் பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்குகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு நம்மவர்கள் பதனிட்டபோது நடந்ததும் இதுபோன்ற பிணைப்புத்தான். புரிக்கும் புரிக்கும் இடையே புதிய முடிச்சுகள் விழுகின்றன. தோல் அழுகாமல், அறாமல் நிற்கிறது. இதய அறுவைச் சிகிச்சையில் இன்று பயன்படும் திசு வால்வுகள் மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்யப்படுகின்றன. அவற்றை உடலுக்குள் வைக்குமுன் குளூட்டரால்டிஹைடு கரைசலில் பதனிடுகிறார்கள். தோல் தொழிலும் அறிந்த வேதிப்பொருள் அது. தொழில்நுட்ப மொழியில் குறுக்குப்பிணைப்பு என்று சொன்னாலும், நெஞ்சுக்குள் போவது பதனிட்ட தோலின் நெருங்கிய உறவே. இந்தத் தொழிலைப் போற்றும்போது பாலாற்றை மறக்கக் கூடாது. தோல் கழிவு நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துபவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் சட்டத்தில் நிலைநாட்டியது. பொருளை அறிந்த கைகள், அந்தப் பொருளின் பின்விளைவையும் அறிந்திருக்க வேண்டும் என்பதை அந்த ஆறு நமக்குச் சொல்கிறது. உடலுக்குள் வைக்கும் பொருளுக்கும் அதே நெறி பொருந்தும்.

கிருஷ்ணராஜபுரம், பையப்பனஹள்ளி தாண்டி ரயில் பெங்களூர் கிழக்கு நிலையத்தை நெருங்கும்போது தண்டவாளத்துக்கு வடக்கே குக் டவுனும் ரிச்சர்ட்ஸ் டவுனும் விரிகின்றன. 1898-இல் பெங்களூரைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பிறகு, நெரிசலைக் குறைக்கவும் காற்றும் வெளிச்சமும் வடிகாலும் கிடைக்கவும் கன்டோன்மென்ட் பகுதி விரிவாக்கப்பட்டது. ஃப்ரேசர் டவுனைத் தொடர்ந்து எழுந்த குடியிருப்புகளில் ஒன்றுதான் ஆங்கிலேய அதிகாரியின் பெயரைத் தாங்கிய ரிச்சர்ட்ஸ் டவுன். ஓட்டுக்கூரை பங்களாக்கள் குறைந்து அடுக்குமாடிகள் பெருகிவிட்டாலும், முகப்பில் கூரிய மர வளைவு வைத்த 'மங்கி டாப்' வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. 1914-இல் தொடங்கிய கிளாரன்ஸ் பள்ளியும், நடுவே மரங்கள் சூழ்ந்த ரிச்சர்ட்ஸ் பூங்காவும் பழைய திட்டத்தின் மிச்சங்கள். தெருவில் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். படையோடும் வணிகத்தோடும் மதராஸ் மாகாணத்திலிருந்து வந்து கன்டோன்மென்டில் வேரூன்றிய குடும்பங்களின் பேச்சு அது.

காலையில் இந்தப் பூங்காவைச் சுற்றி நடப்பவர்களில் ஓய்வுபெற்றவர்கள் பலர். அவர்களுடைய கால்களை ஒரு பொறியாளர் பார்ப்பதுபோல் பார்க்கலாம். சமதரையில் நடக்கும்போதே முழங்கால் மூட்டில் உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு சுமை விழுகிறது. படி இறங்கும்போது அது மூன்று மடங்கைத் தாண்டும். பெயர்ந்த நடைபாதைப் பலகையிலிருந்து தெருவுக்கு இறங்கும் ஒவ்வோர் அடியும் அப்படி ஓர் இறக்கம்தான். 65 கிலோ எடையுள்ளவரின் மூட்டில் அந்தக் கணத்தில் 200 கிலோவுக்கு மேல் அழுத்தம். அதைத் தாங்குவது சில மில்லிமீட்டர் தடிப்புள்ள குருத்தெலும்பு. அதில் பெரும்பங்கு நீர். மீதியில் கொலாஜன் வலையும், அந்த வலைக்குள் நீரைப் பிடித்துவைக்கும் சர்க்கரைப் புரதங்களும். செல்கள் மிகச் சொற்பம். ரத்தக்குழாயே கிடையாது. அழுத்தும்போது நீர் கசிந்து வெளியேறி, விடும்போது உள்ளே வரும் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் செல்களுக்கு உணவு போய்ச் சேர்கிறது. நடக்காமல் கிடத்திவைத்த மூட்டில் குருத்தெலும்பு மெலிவது இதனால்தான். சுமை இங்கே திசுவின் எதிரியாக இல்லாமல் அதன் உணவாக இருக்கிறது.

ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப், எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னையே திருத்திக் கட்டிக்கொள்கிறது என்று 1892-இல் எழுதினார். டென்னிஸ் ஆடுபவரின் ஆடும் கை எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருப்பதும், விண்வெளியில் எடையின்றி மிதப்பவரின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் அடர்த்தி இழப்பதும் அதற்குப் பின்னால் கிடைத்த சான்றுகள். பூங்கா மரங்களும் இதையே செய்கின்றன. சாய்ந்த கிளையின் மேல்பக்கத்தில் இழுவிசையைத் தாங்கத் தனி வகைக் கட்டை வளர்கிறது. செல் அளவில் இது எப்படி நடக்கிறது என்பதைக் காட்டிய ஆய்வு 2006-இல் 'செல்' இதழில் வந்தது. ஆடம் எங்லரும் டெனிஸ் டிஷரும் அவர்களுடைய சகாக்களும் ஒரே வகை மூலச்செல்களை மென்மை மாறுபட்ட ஜெல்களின்மேல் வளர்த்தார்கள். மூளைபோல் மிருதுவான தளத்தில் நரம்புச் செல்லின் சாயலும், தசையளவு இறுக்கமான தளத்தில் தசையின் சாயலும், இன்னும் விறைப்பான தளத்தில் எலும்பின் சாயலும் தோன்றின. செல் தன் காலடியைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறது. தரை எவ்வளவு எதிர்க்கிறதோ அதற்கேற்ப என்னவாக வளர்வது என்று முடிவெடுக்கிறது. ரத்தக்குழாய், நுரையீரல், தோல் ஆகியவற்றின் இயந்திரவியலை வகுத்த ஒய். சி. ஃபங், 'திசுப் பொறியியல்' என்ற பெயரையே 1980-களில் முன்மொழிந்தவர்களில் ஒருவர். துறை பிறந்தபோதே விசை அதன் தொட்டிலருகே இருந்தது.

ரிச்சர்ட்ஸ் டவுனை ஒட்டி, பாட்டரி சாலையின் பக்கத்தில் பாட்டரி டவுன் இருக்கிறது. தலைமுறைகளாகக் குயவர்கள் வாழும் இடம்; அவர்களில் தமிழ் பேசுவோர் பலர். பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னால் தெருவெங்கும் வண்ணம் பூசாத பிள்ளையார்கள் காய்ந்துகொண்டிருப்பார்கள். அகல் விளக்கும் தந்தூரி அடுப்பும் பானையும் மற்ற மாதங்களின் வேலை. குயவர் களிமண்ணை அப்படியே சூளையில் வைப்பதில்லை. மணல் சேர்த்து மிதித்து, கல் பொறுக்கி, பதம் வந்ததும் வனைந்து, நிழலில் உலர்த்தி, மெல்ல மெல்லச் சூடேற்றுகிறார். ஈரம் அவசரமாக வெளியேறினால் பானை வெடிக்கும். வெந்த மண்ணில் நுண்துளைகள் மிஞ்சுவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. அதே துளைகள் மிகுந்தால் பானை தொட்டாலே உடையும். எலும்புக்கு மாற்றாகச் செய்யப்படும் ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் பீங்கானும் சூளையில் வேகும் பொருள்தான். அது வேகும் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல். எலும்புச் செல்லும் ரத்தக்குழாயும் உள்ளே நுழைய வேண்டுமென்றால் அதில் துளை வேண்டும். ஒவ்வொரு துளையும் உறுதியைக் குறைக்கும். சூளையில் எரிந்து மறையும் துகள்களை மாவோடு கலந்து துளை உண்டாக்குவது ஒரு முறை. எவ்வளவு துளை, எவ்வளவு உறுதி என்ற பேரம் குயவருக்கும் பீங்கான் பொறியாளருக்கும் பொது.

துளையின் அளவு எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதைத் தோல் மாற்று ஆய்வு காட்டுகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அயோனிஸ் யானஸும் அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் கொலாஜனைக் கொண்டு ஒரு கடற்பஞ்சு போன்ற தகடு செய்து, கடும் தீக்காயம் பட்டவர்களுக்குப் பொருத்திய முடிவுகளை 1981-இல் வெளியிட்டார்கள். தீக்காயம் ஆறும்போது வரும் பெரிய துன்பம் சுருக்கம். காயத்தில் குவியும் ஒருவகைச் செல்கள் தசைபோல் இழுக்க, கழுத்து மார்போடு ஒட்டிக்கொள்ளும், முழங்கை மடங்கியபடி இறுகும். துளைகள் ஏறக்குறைய 20 முதல் 120 மைக்ரான் அளவில் இருந்தால், செல்கள் உள்ளே போய்ப் பல திசைகளில் பற்றிக்கொள்கின்றன. ஒரே திசையில் கூடி இழுக்கும் வலு குறைகிறது. தழும்புக்குப் பதிலாகத் தோலை ஒத்த திசு வளர இடம் கிடைக்கிறது. மருந்து எதுவும் சேர்க்காமல், வடிவத்தாலும் விசையாலும் மட்டும் கிடைத்த பலன் அது. சென்னைத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் தன் கொலாஜன் அறிவைக் காயத்துக்கான தகடுகளாக மாற்றியிருக்கிறது. பதனிடும் தொட்டியிலிருந்து தீக்காயப் பிரிவுக்கு ஒரு வழி இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

இனி, இந்தியாவில் இந்தத் துறையின் மிகத் தெளிவான பாடத்துக்கு வருவோம். அது திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில், அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தானும் பொறியாளர் ஜி. எஸ். புவனேஸ்வரும் அவர்களுடைய குழுவும் செய்த இதய வால்வு. வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்ட ஏழை இளைஞர்களுக்கு இறக்குமதி வால்வின் விலை எட்டாக்கனியாக இருந்தது. இந்த வகை வால்வு என்பது ஒரு வட்டத் தகடும் அதைப் பிடிக்கும் உலோகக் கூண்டும்தான். அது ஆண்டுக்கு ஏறக்குறைய 4 கோடி முறை திறந்து மூட வேண்டும். முதல் மாதிரியில் டைட்டானியக் கம்பியைப் பற்றவைத்த இடம் உடையக்கூடியதாகி முறிந்தது. பற்றவைப்பே வேண்டாம் என்று ஒரே துண்டில் கடைந்த அடுத்த மாதிரியில், செயற்கை நீலக்கல் தகடு டைட்டானியத்தைத் தேய்த்தது. தேயாத கோபால்ட் கலவைக்கு மாறினார்கள்; வால்வு பொருத்திய ஆடு நலமாக இருந்து, சுமார் மூன்று மாதத்தில் நீலக்கல் தகடு உடைந்து இறந்தது. கடினத்தைக் கைவிட்டு, மிகப் பெரிய மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீன் தகட்டுக்கு மாறிய நான்காவது மாதிரியே நிலைத்தது. 1990 டிசம்பர் 6-ஆம் தேதி அது முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு டி.டி.கே. நிறுவனம் தயாரிக்க, அது லட்சத்துக்கு மேற்பட்ட இதயங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று தோல்விகளுக்கும் ஒரே வேர்: பொருள் நல்லதாக இருந்தாலும் அதன்மேல் விழும் விசையோடு ஒத்துப்போகவில்லை. மூன்றையும் எந்திரமும் ஆடும் காட்டிக்கொடுத்தன. எந்த மனிதரும் அதற்கு விலை கொடுக்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் இரண்டு நிகழ்ச்சிகள். மேலைநாட்டில் செய்யப்பட்ட பியார்க்-ஷைலி குவிகுழிவு வால்வில் பற்றவைத்த கம்பி முறிந்து, தகடு ரத்த ஓட்டத்தில் நழுவியதால் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 1986-இல் அது சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. திருவனந்தபுரத்தின் முதல் மாதிரி உடைந்ததும் பற்றவைப்பில்தான். வேறுபாடு, அந்த முறிவு எங்கே நடந்தது என்பதில் இருக்கிறது. இரண்டாவது, ஸ்டாக்ஹோமில் அறுவை மருத்துவர் பாவ்லோ மக்கியாரினி 2011 முதல் பொருத்திய செயற்கை மூச்சுக்குழாய்கள். பிளாஸ்டிக் குழாயில் நோயாளியின் மூலச்செல்களை விதைத்தால் அது உயிருள்ள உறுப்பாகிவிடும் என்று உலகம் கொண்டாடியது. மூச்சுக்குழாய் ஒவ்வொரு மூச்சிலும் இருமலிலும் நீண்டு சுருங்குவது. காற்றும் கிருமியும் ஓயாமல் உரசுவது. ரத்த ஓட்டமின்றி ஒட்டாது. விலங்குகளில் போதிய சோதனை நடக்கவில்லை. அங்கே அந்தக் குழாய் பொருத்தப்பட்ட மூவரும் இறந்தார்கள். 2023-இல் ஸ்வீடன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. செல் இருந்தது, பொருள் இருந்தது, புகழ் இருந்தது. அது தாங்குமா என்ற கேள்விக்கான விடை இல்லை.

இந்த வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு, உயிரியலாளர்களிடமிருந்து வருவது. திசுவை ஆக்குவது செல்லும் மரபணுவும் வளர்ச்சிக் காரணிகளும்தான். பொருளும் விசையும் வெறும் மேடை. மேடையைப் பற்றி இவ்வளவு பேசுவது ஆட்டத்தை மறப்பது என்பார்கள். மறுப்பில் உண்மை இருக்கிறது. செல் இல்லாமல் திசு இல்லை; வேலூர் சி.எம்.சி. வளாகத்தில், பெங்களூரின் இன்ஸ்டெம் நிறுவனத்தின் அங்கமாக இயங்கும் மூலச்செல் மையம் போன்ற இடங்களில் நடக்கும் செல் ஆய்வுக்கு மாற்றே கிடையாது. ஆனால் 2006 ஆய்வு காட்டியது, மேடை ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது. ஒரே செல், ஒரே ஊட்டக் கரைசல், தரை மட்டும் வேறு, பலன் வேறாயிற்று. குருத்தெலும்பை எடுத்துக்கொண்டாலும், ஆய்வுக்கூடத் தட்டில் அசையாமல் வளர்த்த திசு மெத்தென்று இருக்க, அளவான அழுத்தம் கொடுத்து விட்டு வளர்த்த திசு உறுதிப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செல்லுக்கு ஊட்டுவதில் விசையும் ஒன்று என்று எண்ணினால், இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. அதற்கு எளிதான பதில் கிடையாது. காத்திருக்கும் நோயாளிக்கு நேரம் இல்லை. திருவனந்தபுரம் வால்வுக்குச் செலவான பத்தாண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் எத்தனை இளைஞர்கள் வால்வின்றி இறந்திருப்பார்கள்? பொறுமையைப் போற்றுவது, நலமாக இருப்பவரின் ஆடம்பரம் ஆகாதா? அந்த இறப்புகளை யாரும் கணக்கில் எழுதுவதில்லை என்பதும் உண்மை. ஆனாலும் தாமதத்தின் காரணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உலோகம் தேய எத்தனை கோடி சுழற்சி ஆகுமோ, அதற்குரிய காலத்தை யாரும் சுருக்க முடியாது. சோதனை எந்திரம் வாங்க ஆன காலம், விலங்குக் கூடம் அமைக்க ஆன காலம், கோப்பு மேசை மாறிய காலம், தயாரிக்க ஒரு நிறுவனம் முன்வர ஆன காலம் ஆகியவற்றைச் சுருக்கலாம். அவசரப்படுவோர் பெரும்பாலும் வெட்டுவது முதலாவதை. வெட்ட வேண்டியது இரண்டாவதை. மேலும், சோதிக்காமல் கொடுத்த உறுப்பு முறிந்தால் அந்த நோயாளியோடு நிற்காது. அந்தத் துறையின்மேல் ஊரார் வைத்த நம்பிக்கையும் முறிந்து, பின்னால் வரும் நல்ல சிகிச்சையும் தாமதமாகும்.

மூன்றாவது மறுப்பைப் பெங்களூரின் இளம் நிறுவனங்கள் எழுப்பும். கணினி உருவகமும் முப்பரிமாண அச்சும் வந்துவிட்டன. பழைய தோல் தொட்டிப் பொறுமைக்கு இனி வேலை இல்லை என்று. இந்நகரில் அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. இந்திய அறிவியல் கழகத்தில் பயின்றவர்கள் தொடங்கிய பண்டோரம் டெக்னாலஜீஸ், 2015 டிசம்பரில் கல்லீரல் திசுத் துணுக்கை அச்சிட்டதாக அறிவித்தது. பிறகு கண்ணின் கருவிழிப் படலத்தைச் சீராக்கும் பொருளில் கவனம் செலுத்தியது. ஐதராபாத்தில் எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம், ஐ.ஐ.டி., சி.சி.எம்.பி. மூன்றும் சேர்ந்து அச்சிட்ட கருவிழிப் படலத்தை 2022-இல் முயலின் கண்ணில் வைத்தன. இவை மதிக்கத்தக்க வேலைகள். ஆனால் இரண்டிலும் ஒரு தெரிவு இருப்பதைக் கவனிக்க வேண்டும். கருவிழிப் படலம் அரை மில்லிமீட்டர் தடிப்பு, ரத்தக்குழாய் இல்லாதது, கண்ணின் அழுத்தத்தையும் இமையின் உரசலையும் மட்டும் தாங்க வேண்டியது. முழுக் கல்லீரலையோ இதயத்தையோ விட்டு, விசையின் கணக்கு கைக்கு அடங்கும் திசுவை இந்த ஆய்வாளர்கள் எடுத்திருக்கிறார்கள். அச்சு இயந்திரம் வடிவத்தைத் தரும். அந்த வடிவம் பத்தாண்டு நிற்குமா என்பதைப் பத்தாண்டுக்குச் சமமான சுமையே சொல்லும். கணினி அந்தக் காலத்தைக் குறைக்க உதவும். ஆனால் கணினிக்கு எண்களைத் தருவது, திசுத் துண்டை இழுத்துப் பார்க்கும் ஆய்வுக்கூடம்தான்.

நான்காவது மறுப்பு பணம் பற்றியது: வெளிநாட்டில் சோதித்த பொருளை வாங்கிக்கொண்டால் போதாதா? முழங்கால் மூட்டுகளின் விலைக்கு அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விதித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட்-குரோமிய மூட்டுக்கு அப்போது வரி நீங்கலாக ரூ. 54,720. விலையைக் கட்டுப்படுத்தினாலே போதும், ஆய்வு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குப் பதில் பாட்டரி டவுனில் கிடைக்கிறது. தரையோடு தரையாகக் குந்தி மண் பிசையும் குயவரின் முழங்கால் முழுதாக மடங்கியிருக்கிறது. நாற்காலியில் உட்காரும்போது 90 டிகிரி மடங்கும் மூட்டு, குந்தும்போது 150 டிகிரிவரை போகும். பதித்த மூட்டுக்குள்ளேயே கருவி வைத்துச் சுமையை அளந்த புகழ்பெற்ற அளவீடுகள் பெர்லினில் நடந்தவை. நடை, படி, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருத்தல் போன்ற அசைவுகளே அவற்றில் பெரும்பகுதி. சம்மணமிட்டுச் சாப்பிடுபவர், மண்டியிட்டுத் தொழுபவர், குந்தியே வேலை செய்பவர் ஆகியோரின் மூட்டில் என்ன நடக்கிறது என்ற கேள்வி அங்கே அவசரமானதாக இருக்காது. இங்கே அதுதான் அன்றாடம். வால்வுக்கும் இதே கதை. மேலைநாட்டில் வால்வு பெரும்பாலும் முதியோரின் தேவை. வாதக் காய்ச்சல் தாக்கும் நம் நாட்டில் இளைஞருக்கும் வேண்டியிருக்கிறது. இள வயதில் திசு வால்வு விரைவில் சுண்ணாம்பேறி இறுகுவதால், நாற்பதாண்டு உழைக்கும் பொருள் வேண்டும். விசை வாழ்க்கைமுறையிலிருந்து வருகிறது. வாழ்க்கைமுறையை இறக்குமதி செய்ய முடியாது.

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஜெயமஹால் சாலை வழியாக மேக்ரி சர்க்கிள் தாண்டினால், சற்றுத் தொலைவில் இந்திய அறிவியல் கழகம். 1909-இல் தோன்றிய அந்த வளாகத்தில் இன்று இந்தக் கேள்விகள் பல துறைகளில் ஒரே நேரத்தில் கேட்கப்படுகின்றன. எலும்புக்கான பீங்கானையும் மூட்டுக்கான பாலிஎத்திலீன் கலவையையும் பிக்ரம்ஜித் பாசுவின் குழு பல ஆண்டுகள் ஆராய்ந்தது. கௌசிக் சட்டர்ஜியின் குழு, பொருளின் மேற்பரப்பும் அச்சிட்ட சாரத்தின் வடிவமும் செல்லை எப்படி வழிநடத்துகின்றன என்று பார்க்கிறது. இயந்திரப் பொறியியல் துறையில் நம்ரதா குண்டையாவின் குழு, திசுக்களின் இழுவிசையையும் செல்கள் அதை உணரும் விதத்தையும் அளக்கிறது. ஒருவர் பொருளைச் செய்ய, ஒருவர் செல்லை வளர்க்க, ஒருவர் இழுத்துப் பார்க்க, இம்மூன்றும் ஒரே வளாகத்தில் நடப்பது சிறிய வாய்ப்பன்று. அடையாற்றில் தோல் அறிவும் இயற்பியலும் அருகருகே இருந்ததால் விளைந்ததை இங்கேயும் விளைவிக்க முடியும்.

ஆனால் ஆய்வுக்கூடத்தின் அளவீடு பாதி வழிதான். உடலுக்குள் போன பொருள் பத்து, இருபது ஆண்டு என்ன ஆயிற்று என்பதைப் பின்தொடர வேண்டும். ஸ்வீடனில் முழங்கால் மூட்டுப் பதிவேடு 1975-இலேயே தொடங்கிவிட்டது. எந்த மூட்டு எத்தனை ஆண்டில் மாற்றப்பட்டது என்ற கணக்கு, தரமற்றதைச் சந்தையிலிருந்து சத்தமின்றி விலக்கியது. மூச்சுக்குழாய் விவகாரம் நடந்ததும் அதே நாட்டில்தான். எனவே ஒரு நாட்டின் நாகரிகத்தை நம்பியிருந்தால் போதாது, ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு முறையும் கணக்குக் கேட்கும் ஏற்பாடு வேண்டும். நம் நாட்டில் மருத்துவக் கருவிகளின் தீங்குகளைப் பதிவுசெய்யும் திட்டம் 2015-இல் தொடங்கியது. மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. சட்டம் இருக்கிறது; பழக்கம் வளர வேண்டும். அறுவைச் சிகிச்சையில் வெளியே எடுக்கும் தேய்ந்த மூட்டும் உடைந்த திருகும் குப்பைக்குப் போகாமல் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். எங்கே தேய்ந்தது, எந்தப் பக்கம் விரிசல் ஓடியது என்பதைப் படித்தால், அடுத்த பொருளுக்கு வேண்டிய வடிவம் அதிலேயே எழுதியிருக்கும்.

ஆகவே என் முடிவு இது. திசுப் பொறியியலுக்கு அரசும் வள்ளல்களும் கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கு, பெயர் வாங்கித் தராத வேலைகளுக்குப் போக வேண்டும்: சோர்ந்து முறியும்வரை பொருளை ஆட்டிப்பார்க்கும் எந்திரங்கள், நெறிமுறையோடு நடக்கும் விலங்குக் கூடங்கள், குந்தும் முழங்காலின் சுமையை அளக்கும் ஆய்வுகள், மாவட்ட மருத்துவமனைவரை நீளும் பதிவேடுகள். முழு உறுப்பை அச்சிடும் கனவை விட்டுவிட வேண்டியதில்லை. தோலும் குருத்தெலும்பும் கருவிழியும் வால்வும் என்று, விசையின் கணக்கு தெரிந்த திசுக்களின் வழியாக ஒவ்வொரு படியாக அதை நோக்கி ஏறலாம். ஆவாரம்பட்டையில் தோலைப் பதப்படுத்தியவர்களும் சூளையின் சூட்டைக் கண்பார்வையில் அறிந்தவர்களும் வாழ்ந்த இந்த வழித்தடத்துக்குப் பொருளறிவு புதிதல்ல. அந்த அறிவோடு அளவீட்டையும் பொறுப்பையும் சேர்த்தால், பூங்காவைச் சுற்றி நடக்கும் முதியவருக்கும் சக்கரத்தின் முன் குந்தியிருக்கும் குயவருக்கும், அவரவர் வாழ்க்கை கேட்கும் சுமையைத் தாங்கும் மூட்டை நம்மால் செய்து கொடுக்க முடியும். அதைச் செய்யும்வரை, உறுப்பை உருவாக்கிவிட்டோம் என்ற அறிவிப்பு எதுவானாலும் அதன்முன் ஒரே கேள்வியை வைப்பது நம் உரிமை: எத்தனை கோடி முறை மடக்கிப் பார்த்தீர்கள்?